தொழில்முறை நிறுவனங்களின் இணையதளங்களும் மாற்றுத்திறனாளிகளும்

வழக்கறிஞர், பட்டயக் கணக்கர், கட்டடக் கலை வல்லுநர், பொறியியல் ஆலோசகர் ஆகியோரின் சேவையை நாடுவோர் முற்காலத்தில் அவர்களது அலுவலகத்துக்கு நேரில் சென்று, எதிரே அமர்ந்து, தம் காரியத்தை எடுத்துரைப்பது வழக்கமாயிருந்தது. இன்று அவ்வலுவலகங்களின் முன்வாயிலாக இணையதளமே அமைந்துள்ளது. ஆலோசனைக்கு நேரம் குறித்தல், விவரப் படிவத்தை நிரப்புதல், ஆவணங்களை அனுப்புதல், வரைவுகளைப் பெற்றுப் படித்தல், கட்டணம் செலுத்துதல் ஆகிய யாவும் பெரும்பாலும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. ஆயினும் இவ்வாயில் எல்லோருக்கும் ஒருங்கே திறப்பதில்லை. பார்வையற்றோர், செவிப்புலன் குறைந்தோர், கைகளை எளிதில் இயக்க இயலாதோர் ஆகியோர் பலருக்கு அது பாதி மூடியே உள்ளது. இதற்குரிய காரணங்கள் யாவை, அவற்றை எவ்வாறு நீக்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 2.68 கோடியாகும், இது அன்றைய மொத்த மக்கள்தொகையில் 2.21 சதவீதம். இவர்களுள் பார்வைக் குறைபாடுடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். செவிக் குறைபாடுடையோரும் அவ்வளவினரே. இயக்கக் குறைபாடுடையோர் 54 லட்சம் பேர். முதுமையினால் கண்ணொளி மங்கியோர், கை நடுக்கமுற்றோர் ஆகியோரில் பலர் தம்மை மாற்றுத்திறனாளிகள் எனக் கருதுவதில்லை. எனினும் இணையதளத்தின் முன் அவர்கள் அடையும் சிரமமும் இவ்வகையினதே.

தொழில்முறை நிறுவனங்களைத் தனியே எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. கடையில் பொருள் வாங்குபவர் பிறரது உதவியை நாடினால் அதனால் பெரும் தீங்கு விளைவதில்லை. வழக்கறிஞரிடமும் கணக்கரிடமும் செல்பவரோ தம் வருமானம், கடன், குடும்பத் தகராறு, உயில் ஆகியவற்றை நம்பி ஒப்படைக்கிறார். கட்சிக்காரர் கூறியவற்றை அவரது சம்மதமின்றி வழக்கறிஞர் வெளியிடலாகாது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்த விதி. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டமும் அவ்விதியைக் காக்கிறது. இணையதளத்தைத் தாமே படிக்க இயலாத ஒருவர் மூன்றாமவரை அருகில் வைத்துக்கொண்டே தம் விவரங்களைத் தர நேர்கையில் இப்பாதுகாப்பின் பயன் பெரிதும் குன்றிவிடுகிறது.

திரையைச் செவியால் படித்தல்

பார்வையற்றோர் கணினியை உபயோகிப்பதற்குத் துணைபுரிவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. என்பது இவ்வகையில் இலவசமாகக் கிடைப்பது. அதனுடன் வரும் குரல் தொகுப்பு தமிழ், இந்தி முதலிய இந்திய மொழிகளையும் பேசும். கைப்பேசிகளிலும் இத்தகைய வசதி உள்ளிணைக்கப்பட்டே வருகிறது.

திரைவாசிப்பான் திரையில் தோன்றும் உருவத்தைக் கண்டு படிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நிகழ்வது வேறு. இணையப் பக்கத்தின் மூலக் குறிகளிலிருந்து உலாவி மென்பொருள் பொருள்களின் பட்டியலொன்றை அமைக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், பணி, நிலை என்னும் மூன்று விவரங்கள் அதில் இடம்பெறும். சான்றாக, 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்பது பெயர். தேர்வுக் கட்டம் என்பது பணி. குறியிடப்படவில்லை என்பது நிலை. திரைவாசிப்பான் இவ்விவரங்களைப் பெற்றுக் குரலாக மாற்றுகிறது. அல்லது தொட்டுப் படிக்கும் பிரெயில் கருவிக்கு அனுப்புகிறது.

ஆகவே மூலக் குறிகளில் இல்லாத எதனையும் திரைவாசிப்பானால் சொல்ல இயலாது. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக அச்சிட்டுவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பாகத் தோன்றும். தலைப்பு என்னும் குறி இடப்படாவிடின் செவிக்கு அது வெறும் வரியே. என்.வி.டி.ஏ. உபயோகிப்பவர் 'எச்' விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்ல முடியும். தலைப்புகள் முறையே குறியிடப்படாத பக்கத்தில் அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டே தீரவேண்டும். அவ்வாறே உறை போன்ற சித்திரம் வரையப்பட்ட பொத்தானுக்குப் பெயர் தரப்படவில்லையெனில் 'பொத்தான்' என்ற ஒரு சொல்லே ஒலிக்கும். அது எதற்கு உரியது என்பது விளங்காது. படங்களுக்கு மாற்று உரை எழுதுவதும் இதன் பொருட்டே. அலங்காரத்துக்காக மட்டும் வைத்த படமாயின் மாற்று உரையை வெறுமையாக விடவேண்டும். அப்பொழுது திரைவாசிப்பான் அதனைக் கடந்து செல்லும்.

நுழைவாயிலில் ஓர் அறிவிப்பு

இந்திய வழக்கறிஞர் நிறுவனங்களின் இணையதளங்களில் காணப்படும் தனித்தன்மை ஒன்று இங்கு ஆராயத்தக்கது. இந்திய பார் கவுன்சிலின் விதி 36 வழக்கறிஞர் விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. 2008-ஆம் ஆண்டில் அவ்விதி திருத்தப்பட்டு, பெயர், முகவரி, தகுதி, தொழில் புரியும் துறை முதலிய சில விவரங்களை மட்டும் இணையதளத்தில் வெளியிட அனுமதி வழங்கப்பட்டது. இதனை முன்னிட்டுப் பல நிறுவனங்கள் தம் தளத்தின் முகப்பில் ஓர் அறிவிப்புப் பெட்டியை வைத்துள்ளன. 'தாமாகவே முன்வந்து தகவல் நாடுகிறேன்' என்னும் பொருள்பட அமைந்த வாசகத்தை வருபவர் ஏற்றால்தான் உட்செல்ல முடியும்.

இப்பெட்டி சரியாக அமையாவிடின் பார்வையற்றவர் வாயிற்படியிலேயே நிறுத்தப்படுகிறார். விசைப்பலகையின் ஆணை ஒரு சமயத்தில் எவ்விடத்தில் செல்லுபடியாகிறதோ அவ்விடத்தைக் குவியம் எனலாம். பெட்டி திறந்தவுடன் குவியம் அதனுள் செல்லவேண்டும். அவ்வாறு செல்லாமல் பின்னாலுள்ள பக்கத்திலேயே தங்குமாயின், கண்பார்வையுடையோர் பெட்டியைக் காண, திரைவாசிப்பானோ மறைந்துகிடக்கும் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும். பெட்டி ஒன்று உள்ளது என்பதே கேட்பவருக்குத் தெரியவராது. 'ஏற்கிறேன்' என்பதை உண்மைப் பொத்தானாக அமைக்காமல், சுட்டியின் அழுத்தத்துக்கு மட்டும் இணங்கும் வண்ணக் கட்டமாக வரைந்துவிட்டால், டேப் விசையால் அதனை எட்டவே முடியாது.

இதற்குப் பரிகாரம் சுலபமானது. எச்.டி.எம்.எல். குறிமொழியில் இத்தகைய உரையாடல் பெட்டிக்கென்றே ஒரு குறி உள்ளது. அதனை முறைப்படி உபயோகித்தால் குவியம் பெட்டியினுள் செல்லும். பின்னாலுள்ள பக்கம் செயலற்றிருக்கும். எஸ்கேப் விசையால் பெட்டியை மூடவும் இயலும். மூடியபின் குவியம் பக்கத்தின் தொடக்கத்துக்கு வருமாறு செய்தல் வேண்டும்.

படிவங்களை அமைத்தல்

உட்சென்றவர் அடுத்துக் காண்பது விவரப் படிவம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலையான பெயர் இருத்தல் அவசியம். கட்டத்தினுள்ளேயே மங்கலான எழுத்தில் 'நிரந்தரக் கணக்கு எண்' என அச்சிட்டு, எழுதத் தொடங்கியதும் அது மறையுமாறு அமைப்பது பரவலான வழக்கம். இது பார்வையற்றோருக்கு மட்டுமன்றி நினைவாற்றல் குறைந்தோருக்கும் இடையூறாகும். தவறு நேர்ந்தால் கட்டத்தைச் சிவப்பாக்குவதோடு நில்லாமல், 'நிரந்தரக் கணக்கு எண்ணில் 10 குறிகள் இருத்தல் வேண்டும்' என எழுத்தால் உணர்த்தவேண்டும்.

படிவத்தை நிரப்பக் குறித்த காலம் முடிந்துவிட்டால் எழுதிய யாவும் அழிந்துபோகும் தளங்களும் உள்ளன. ஒரு விரலால் அல்லது வாயிற் பிடித்த கோலால் தட்டெழுதுவோருக்கு இது பெருங்கொடுமை. காலம் முடியுமுன் எச்சரித்து, எளிய செயலொன்றால் அதனை நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடியேனும் அளிக்கவேண்டும் என்பது சர்வதேச நெறி. கோணலான எழுத்துக்களைப் படமாகக் காட்டி அவற்றைத் திரும்ப எழுதச் சொல்லும் 'காப்சா' சோதனையும் தடையே. மனிதரையும் யந்திரத்தையும் பிரித்தறிவதற்கென அமைந்த இச்சோதனை, பார்வையற்ற மனிதரை யந்திரத்தின் வரிசையில் நிறுத்திவிடுகிறது. கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் இதற்குத் தக்க மாற்றாகும்.

ஆவணங்களும் இரகசியமும்

தொழில்முறை நிறுவனங்களின் பணி இறுதியில் ஆவணமாகவே முடிகிறது. தணிக்கை அறிக்கை, வழக்குரை, ஒப்பந்தம், உயில் ஆகியன பி.டி.எஃப். வடிவில் அனுப்பப்படுகின்றன. கணினியில் தட்டெழுதிய ஆவணத்தை அச்சிட்டு, முத்திரையும் ஒப்பமும் இட்டு, மீண்டும் வருடியில் வைத்துப் படமெடுத்து அனுப்புவது நம் அலுவலகங்களின் வழக்கம். அவ்வாறு செய்ததும் எழுத்துக்கள் மறைந்து நிழற்படம் மட்டுமே எஞ்சுகிறது. அதனைத் திறக்கும் திரைவாசிப்பான் வெற்றுப் பக்கம் என அறிவிக்கும்.

பார்வையற்ற முதியவர் ஒருவர் தம் உயிலின் வரைவை இவ்வடிவில் பெறுவதாகக் கொள்வோம். அதனை அறிய அவர் வீட்டிலுள்ள ஒருவரைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டியவராகிறார். படிப்பவர் அவ்வுயிலால் பயனடையும் வாரிசாகவோ, பங்கு மறுக்கப்பட்டவராகவோ இருக்கக்கூடும். படிப்பவர் ஒரு வரியை விட்டுவிட்டாலும் கேட்பவர் அறியமாட்டார். வழக்கறிஞர் ஒரு சொல்லையும் வெளியிடவில்லை. எனினும் இரகசியம் வெளிப்பட்டுவிட்டது. எழுத்துக்கள் எழுத்துக்களாகவே நிற்கும் கோப்பொன்றைக் கூடவே அனுப்பியிருந்தால் முதியவர் தனியே அமர்ந்து, தம் செவியாலேயே, இருமுறை கேட்டு முடிவு செய்திருப்பார்.

ஆதலின் ஒப்பமிட்ட படிவத்துடன் மூலக் கோப்பையும் இணைத்தல், இயன்றவிடத்து மின்னணுக் கையொப்பத்தை உபயோகித்தல், பழைய காகிதங்களை எழுத்துணர் மென்பொருளால் எழுத்தாக மாற்றிச் சரிபார்த்தல் ஆகியவை கடைப்பிடிக்கத்தக்கன. அட்டவணைகளில் தலைப்பு வரிசை இன்னதென்று குறியிடுவதும் முக்கியம். இல்லையேல் ஐந்தொகையைக் கேட்பவருக்கு எண்கள் மட்டும் ஒலிக்கும். எந்த எண் எந்த ஆண்டுக்குரியது எனத் தெரியாது.

இந்திய மொழி எழுத்துருக்கள்

இந்திய மொழிகளில் ஆவணம் தயாரிப்போர் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. 1991-ஆம் ஆண்டு வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழ், தேவநாகரி முதலிய எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வழங்கப்பட்டது. ஆயினும் பழைய எழுத்துரு முறைகள் இன்றும் சில அலுவலகங்களில் நீடிக்கின்றன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல் கணினியினுள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே பதிவாகிறது. திரையில் மட்டும் அது தமிழாகத் தோன்றுகிறது. இந்திக்குரிய கிருதிதேவ் எழுத்துருவும் இத்தகையதே. திரைவாசிப்பான் இவற்றைப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாக உச்சரிக்கும். எனவே யூனிகோடு முறையிலேயே எழுதுதல் வேண்டும். பக்கம் எம்மொழியில் உள்ளது என்பதையும் மூலக் குறியில் தெரிவிக்கவேண்டும்; அப்பொழுதுதான் திரைவாசிப்பான் அம்மொழிக்குரிய குரலைத் தேர்ந்தெடுக்கும்.

நிறமும் ஒளிர்வும்

பார்வை முற்றும் இழந்தோரைவிடப் பார்வை மங்கியோரே மிகுதி. அவர்களுக்கு வேண்டுவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே போதிய வேறுபாடு. இதனைக் கண்மதிப்பால் அன்றி எண்ணால் அளக்கலாம். நிறமொன்றின் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளின் ஒளியளவை முறையே 0.2126, 0.7152, 0.0722 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் அந்நிறத்தின் ஒளிர்வு கிடைக்கும். பச்சைக்குப் பெரும் பங்கும் நீலத்துக்குச் சிறு பங்கும் அளிக்கப்பட்டிருப்பது மனிதக் கண்ணின் இயல்பையொட்டியே. இரு நிறங்களின் ஒளிர்வோடும் 0.05-ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் வேறுபாட்டு விகிதம் கிடைக்கும். வெண்மையின் ஒளிர்வு 1, கருமையின் ஒளிர்வு 0. ஆகவே வெள்ளையில் கருப்பெழுத்தின் விகிதம் 1.05-ஐ 0.05-ஆல் வகுத்து வரும் 21 ஆகும். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 விகிதமும், பெரிய எழுத்துக்கு 3 விகிதமும் வேண்டும். அழகுக்காகப் பலர் விரும்பும் இளஞ்சாம்பல் நிற எழுத்துக்கள் வெள்ளைப் பின்னணியில் இவ்வளவையை எட்டுவதில்லை.

சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்த இயலாதோரும் உளர். 'சிவப்பில் உள்ளவை நிலுவை, பச்சையில் உள்ளவை செலுத்தப்பட்டவை' என நிறத்தை மட்டும் கொண்டு உணர்த்தாமல், அச்சொற்களையும் அருகே எழுதவேண்டும்.

கையும் செவியும் கருத்தும்

சுட்டியைப் பிடிக்க இயலாதோர் விசைப்பலகையையோ, அதனைப் போல் இயங்கும் வேறு சாதனத்தையோ நம்பியுள்ளனர். எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் இயலவேண்டும்; குவியம் எங்குள்ளது என்பது திரையில் தெளிவாகத் தெரியவேண்டும். தொடவேண்டிய பொத்தான்கள் நெருக்கமாகவும் சிறிதாகவும் இருத்தல் கூடாது.

செவிப்புலன் இழந்தோருக்குத் தொலைபேசி எண்ணை மட்டும் தந்தால் தொடர்பே இல்லை எனலாம். மின்னஞ்சலும் குறுஞ்செய்தி வசதியும் உடன் இருத்தல் வேண்டும். வரிச் சட்டத்தை விளக்கும் காணொளிகளுக்கு எழுத்து வரிகள் தேவை. யந்திரம் தானே எழுதும் வரிகளில் சட்டச் சொற்களும் தொகைகளும் பிழைபடுவது இயல்பாதலின் ஒருவர் அவற்றைப் படித்துத் திருத்தவேண்டும். பிறவியிலேயே செவி கேளாதோர் பலருக்குச் சைகை மொழியே முதல் மொழி. முக்கியமான ஆலோசனைக்கு இந்தியச் சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் வாய்ப்பையும் தளத்தில் குறிப்பிடலாம்.

கருத்தூன்றிப் படிப்பதில் சிரமமுடையோருக்கு எளிய நடையே பெரிய உதவி. கட்டணம் எவ்வளவு, எந்த ஆவணம் வேண்டும், எத்தனை நாளாகும் ஆகிய மூன்றையும் சிறு வாக்கியங்களில் கூறினால் எல்லோருக்குமே நன்மை.

நெறிகளும் சட்டமும்

இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் டபிள்யூ 3 சி என்னும் சர்வதேசக் கூட்டமைப்பு 1999-ஆம் ஆண்டு அணுகல் நெறிகளின் முதல் பதிப்பை வெளியிட்டது. 2023 அக்டோபரில் வெளிவந்த 2.2-ஆம் பதிப்பு 86 அளவைகளை வகுத்துரைக்கிறது. உணரத்தக்கதாயிருத்தல், இயக்கத்தக்கதாயிருத்தல், புரியத்தக்கதாயிருத்தல், பல்வகைச் சாதனங்களிலும் பிழையின்றி இயங்குதல் ஆகிய நான்கும் அவற்றின் அடிப்படை. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 17802 என்னும் தரத்தை இரு பகுதிகளாக 2021, 2022-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று அமலுக்கு வந்தது. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றிச் சேவை வழங்குவோர் யாவரும் அணுகல் விதிகளுக்கு இணங்கவேண்டும் என அதன் 46-ஆம் பிரிவு கூறுகிறது. சட்டத்தை முதல்முறை மீறுவோருக்கு 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறுவோருக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க 89-ஆம் பிரிவு வகை செய்கிறது. விதிகள் வெறும் பரிந்துரையாக நின்றுவிடலாகாது, கட்டாயமான விதிகளை வகுத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் ஆணையிட்டது. பிரக்யா பிரசூன் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய தீர்ப்பில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று அந்நீதிமன்றம் கூறிற்று.

சோதித்தறியும் முறை

ஒரு நிறுவனம் தன் தளத்தின் நிலையைத் தானே ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

(1) சுட்டியை ஒதுக்கிவைத்து, டேப், என்டர், எஸ்கேப் விசைகளால் மட்டும் முகப்பிலிருந்து படிவத்தை அனுப்புவது வரை சென்று பார்த்தல்.

(2) எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, எப்பகுதியும் மறையவில்லை என உறுதி செய்தல்.

(3) திரையை அணைத்து, என்.வி.டி.ஏ. துணையுடன் ஓர் ஆவணத்தைப் பெற்றுப் படித்தல்.

(4) மாற்றுத்திறனாளிகள் சிலரை உரிய ஊதியம் அளித்து அழைத்து, அவர்கள் காணும் குறைகளைப் பதிவு செய்தல்.

தானே சோதிக்கும் மென்பொருள்கள் மாற்று உரை இல்லாததைக் கண்டுபிடிக்கும். உள்ள உரை பொருத்தமானதா என அறியா. ஒரு வரிக் குறியைச் சேர்த்தாலே தளம் முழுவதும் நெறிகளுக்கு இணங்கிவிடும் என விற்கப்படும் மேற்பூச்சு மென்பொருள்களையும் நம்பிவிடலாகாது. இவ்வகையில் மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்தவேண்டும் என்னும் நடவடிக்கையை அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது.

கட்டடம் எழும்பிய பின் சுவரை இடித்துச் சாய்தளம் அமைப்பதைவிட வரைபடத்திலேயே அதற்கு இடம் விடுவது சிக்கனமானது. இணையதளத்துக்கும் இது பொருந்தும். புதிய தளம் அமைக்க ஒப்பந்தம் செய்யும்பொழுதே ஐ.எஸ். 17802 தரத்தை நிபந்தனையாகச் சேர்த்துவிட்டால் பின்னர் ஏற்படும் செலவு பெரிதும் குறையும். பழைய தளமாயின் முதலில் முகப்பு அறிவிப்பு, அடுத்துப் படிவம், பின்னர் ஆவணங்கள் என்னும் வரிசையில் திருத்தி வரலாம். கட்சிக்காரரின் இரகசியத்தைக் காப்பது இத்தொழில்களின் முதல் தர்மம். அவர் தம் காரியத்தைப் பிறர் துணையின்றித் தாமே படித்து, தாமே நிரப்பி, தாமே ஒப்பமிட வழி செய்வதும் அத்தருமத்தின் ஒரு பகுதியே ஆகும்.